மேல் சாம்பல்

அண்ணனின் இடது கை வெளியே தெரிந்ததும் தோண்டுவதை நிறுத்தச் சொன்னார்கள். மேல் சாம்பலுக்கு இன்னும் வயது பார்க்கவில்லை.

நான் கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டுக் குழியின் ஓரத்தில் உட்கார்ந்தேன். கை கல்லாகியிருந்தது. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை பழுப்பு நிறம். கட்டைவிரல் நகம் மட்டும் கறுப்பு. போன மாதம் அதில் சம்மட்டி பட்டிருந்தது. கைக்குப் பக்கத்தில் ஒரு தூக்குவாளி கிடந்தது. அதுவும் கல்தான். திங்கட்கிழமை காலையில் அண்ணன் அந்தத் தூக்குவாளியோடுதான் வீட்டிலிருந்து கிளம்பினான். கை வெளியே தெரிந்த அன்று புதன்.

"யாருன்னு தெரியுதா?" என்று கேட்டார் குவாரி சூப்பர்வைசர் தவசிலிங்கம்.

"எங்க அண்ணன் உலகமுத்து."

"பேரை விடு கொம்பையா. பேரு எங்க போகுது. மொதல்ல காலம் தெரியணும்."

அது சரிதான். எங்கள் ஊரில் மண்ணுக்கடியில் கிடைக்கிறவர் யாராக இருந்தாலும் முதலில் காலம்தான் பார்ப்பார்கள். நூறு வருடத்துக்கு உட்பட்டவர் என்றால் சுடுகாடு. அதைத் தாண்டியவர் என்றால் அருங்காட்சியகம். காலம் தெரியும்வரை அவரை யாரும் தொடக்கூடாது, அழவும் கூடாது. யாருக்காக அழுகிறோம் என்று தெரியாமல் அழுவது முறையில்லை.

ஊர் முழுவதும் மேல் சாம்பலின் மீதுதான் இருக்கிறது. கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு மலை வெடித்தபோது காற்றில் வந்து விழுந்த சாம்பல் அது. ஓர் ஆள் உயரத்துக்கு, மாவு போல வெள்ளையாகக் கிடக்கிறது. அதற்குக் கீழே பழுப்புக் களிமண். களிமண்ணுக்குக் கீழே இன்னொரு சாம்பல், கொஞ்சம் சாம்பல் நிறம் கூடியது. அதைக் கீழ்ச் சாம்பல் என்போம். குவாரியில் மேல் சாம்பலை வெட்டி அரைத்து, பாத்திரம் துலக்கும் பொடியாகப் பாக்கெட் போடுகிறார்கள். மேலிருந்து வெட்டினால் ஆள் கூலி அதிகம். அதனால் களிமண் அடுக்குக்குள் ஆளை விட்டு அடியில் குடைவார்கள்; மேல் சாம்பல் தானாக இறங்கிவிடும். அண்ணன் அந்த வேலையில் கெட்டிக்காரன்.

திங்கட்கிழமை மதியம் மேல் சாம்பல் கொஞ்சம் கூடுதலாகவே இறங்கியது. பிற்பகலில் பொக்லைன் வைத்து இடத்தைச் சமப்படுத்தி ரோலரும் ஓட்டியிருந்தார்கள். அதனால்தான் காலக்கணிப்பு நிலையத்திலிருந்து செலின் மேடம் வந்து பார்த்தபோது அடுக்கு சிறிதும் குலையாமல் இருந்தது. அவர் ஒரு பூதக்கண்ணாடியோடு குழிச் சுவர் நெடுகப் பார்த்துவிட்டுத் தவசிலிங்கத்தைப் பாராட்டினார்.

"நிறைய குவாரில அடுக்கைக் கலைச்சுப் போட்டுடறாங்க. நீங்க நல்லா வச்சிருக்கீங்க."

"எல்லாம் பழக்கம்தான் மேடம்," என்றார் தவசிலிங்கம்.

மேடம் கைக்கு மேலே இருந்த சாம்பலில் ஒரு பிடியும், குழியின் தரையில் தெரிந்த கீழ்ச் சாம்பலில் ஒரு பிடியும் எடுத்துத் தனித்தனித் துணிப்பைகளில் கட்டிக்கொண்டார்.

மறுநாள் மதினியும் நானும் நிலையத்துக்குப் போனோம். என் அண்ணன் மனைவி சந்தனமாரியைத்தான் மதினி என்கிறேன். அவள் குவாரி வாசலில் தள்ளுவண்டி போட்டுக் கடலை வறுத்து விற்பவள். நிலையத்தில் ஒரு சிறிய உலை உறுமிக்கொண்டிருந்தது. செலின் மேடம் எங்களை உட்காரச் சொன்னார்.

"எலும்புக்கு வயசு பார்க்க முடியாதும்மா. இவ்வளவு நாள் ஆயிட்டா அதுங்கிட்ட கேட்டுப் பிரயோஜனம் இல்ல. மேல இருக்கிற சாம்பலும் கீழ இருக்கிற சாம்பலும்தான் சொல்லணும்."

"சாம்பல் என்னம்மா சொல்லும்?" என்றாள் மதினி.

மேடம் பொறுமையாகச் சொன்னார். சாம்பலுக்குள் கண்ணாடித் துகள் மாதிரிச் சின்னச் சின்னப் படிகங்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள பொட்டாசியத்தில் ஒரு துளி, மிக மெதுவாக, ஆர்கான் என்ற வாயுவாக மாறிக்கொண்டே இருக்கும். அந்த வாயு வெளியே போக வழியில்லாமல் படிகத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். மலை கொதித்துச் சாம்பல் விழுந்த அன்று உள்ளே வாயுவே கிடையாது. பிறகு எவ்வளவு சேர்ந்திருக்கிறதோ அவ்வளவு வயது. படிகத்தை உருக்கி வாயுவை வெளியே விட்டு அளந்துவிடலாம்.

"அடுப்புல போட்டா வாயு போயிருமா?"

"நல்ல சூடு பட்டாப் போயிடும். அப்புறம் மறுபடி முதல்லேருந்துதான்."

மதினி தலையாட்டினாள். சூடு பற்றி அவளுக்குத் தெரியும்.

மேல் சாம்பலுக்கு எழுபத்துநாலாயிரம் வருடம் என்றார் மேடம். கீழ்ச் சாம்பலுக்கு எட்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. "உங்க வீட்டுக்காரர் இந்த ரெண்டுக்கும் நடுவுல எப்ப வேணும்னாலும் இறந்திருக்கலாம். அதுக்கு மேல கிட்ட நெருங்கிச் சொல்ல முடியலை. மன்னிச்சுக்குங்க."

"திங்கக்கெழம காலையில இட்லி சாப்புட்டுட்டுத்தான போனாக," என்றாள் மதினி.

"அது மேல் சாம்பலுக்கு அப்புறம் நடந்ததும்மா. இவர் அதுக்கு முந்தி."

நாங்கள் எழுந்து வந்தோம்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். கேதத்துக்கு வந்த பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு, காலம் தெரிந்ததும் ஆரம்பிக்கத் தயாராக இருந்தார்கள். கொட்டுக்காரர்கள் தெருமுனையில் சருகைக் கூட்டி நெருப்பு வைத்து மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் அக்கா ஆவுடையம்மா பெரியம்மாதான் ஒப்பாரிக்கு முதல் குரல். அவள் எங்களைக் கண்டதும் அடக்க முடியாமல் முதல் அடியை எடுத்துவிட்டாள். நான் குனிந்து அவள் காதில் வயதைச் சொன்னேன். பாட்டு பாதி அடியில் நின்றது.

"எழுவத்துநாலாயிரமா?"

"கொறஞ்சது அவ்வளவு பெரியம்மா. எட்டு லட்சம்கூட இருக்கலாம்."

"அப்பத் தீட்டே கெடையாதேப்பா. பதினாறு முடிஞ்சே எம்புட்டோ காலமாச்சே." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நம்ம பிறக்குறதுக்கு முன்ன போனவனுக்கெல்லாம் அழுவுறதுன்னா ஊரு தாங்குமா? மொதல்ல யாருக்கு அழுவ?"

பெண்கள் தோளிலிருந்து கைகளை எடுத்துக்கொண்டார்கள். காபி வந்தது. பிணத்தைக் குளிப்பாட்டும் நீர்மாலைக்கு எடுத்துவைத்த குடத்தில் யாரோ முகம் கழுவினார்கள். கோடித்துணி கொண்டுவந்தவர்கள் அதை மடிப்புக் கலையாமல் பைக்குள் திரும்ப வைத்தார்கள்.

"பொண்ணு பாக்கப் போனப்பவே பொண்ணு வீட்டுல நான் சொன்னேன்," என்றாள் பெரியம்மா, காபியை ஊதிக்கொண்டே. "மாப்பிள்ளைக்கு வயசு கொஞ்சம் கூடத்தான் தெரியுது, வெசாரிச்சுக்கோங்கன்னு. யாரு கேட்டா?"

எல்லாரும் சிரித்தார்கள். மதினியும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு பந்தல் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒப்பாரிக்கு எதிர்க்குரல் வேண்டும். பந்தல் கால் எதுவும் சொல்லவில்லை. சற்று நேரத்தில் பந்தல்காரர் வந்து, காலைக் கழற்ற வேண்டும், கொஞ்சம் விடும்மா என்றார்.

வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்திலிருந்து ஒருவர் அளவெடுக்க வந்தார். கண்ணாடிப் பெட்டி செய்வதற்கு நீளம் தெரிய வேண்டும். அண்ணனின் முகமும் காலும் இன்னும் மண்ணுக்குள்தான் இருந்தன. கையின் அளவை வைத்து முழு ஆளையும் கணக்கிட்டுவிடலாம் என்றார். தூக்குவாளியின் மூடியைச் சின்ன உளியால் தட்டித் திறந்து உள்ளே டார்ச் அடித்தார். சோற்றுப் பருக்கைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கல்லாகியிருந்தன.

"பெட்டிக்கு முன்னாடி எழுதி வைப்போம்மா. ஆண். நடுத்தர வயது. மத்தியானத்துக்குச் சாப்பாடு கையோட எடுத்துட்டுப் போற வழக்கம் இருந்திருக்கு."

"எலுமிச்சம்பழச் சோறு," என்றாள் மதினி.

"அது ஆய்வுல தெரியவரும்."

"கடலப்பருப்புப் போட்டா அவுகளுக்குப் பிடிக்காது. நெலக்கடலதான் போடணும்."

அவர் டார்ச்சை அணைத்துச் சட்டைப் பையில் செருகினார். திங்கட்கிழமை வேன் வரும் என்றார்.

திரும்பி வரும்போது மதினி கேட்டாள்: "தம்பி, அங்க கொண்டுபோய் வச்சிட்டா நான் டிக்கெட் எடுத்துத்தான் பாக்கணுமா?"

"ஆமா மதினி. செவ்வாக்கெழம லீவு."

அவள் நடையை நிறுத்தினாள். "எரிக்காட்டியும் பரவால்ல. நம்ம சனத்துக்குப் பக்கத்துல ஒரு குழி. நாலு பேரு அழுகணும். கண்ணாடிக்குள்ள வேணாம் தம்பி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக வந்து மூக்க வச்சுப் பாக்கும்."

எனக்கும் அதுதான் தோன்றியது. குவாரி அலுவலகத்தில் போய்க் கேட்டேன். தவசிலிங்கம் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"குவாரி ஆரம்பிச்சே பதினோரு வருசம்தான் ஆகுது கொம்பையா. எழுவத்துநாலாயிரம் வருசத்துக்கு முன்னாடி தவறினவருக்கு நாங்க என்ன செய்ய முடியும், சொல்லு. எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. நல்ல வேலக்காரன்."

இரண்டாவது முறை அளந்து பார்க்கக் கேட்கலாம் என்று மட்டும் சொன்னார். அப்படி ஒரு விதி இருந்தது. உறவினர்களே ஒரு பிடி சாம்பலைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அது இறந்தவரின் வாய்க்கு நேர் மேலே இருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். வாய்க்கரிசி போட உரிமையுள்ளவர்களுக்கே அந்த உரிமையும் உண்டு.

மதினியின் தள்ளுவண்டி குவாரி வாசலில் அப்படியே நின்றது. அதில் இரும்பு வறுசட்டி, சட்டி நிறைய மண். அது மேல் சாம்பல். அண்ணன்தான் மதியச் சோறு தின்றதும் தூக்குவாளியைக் கழுவி, சலித்த சாம்பலை அதில் நிரப்பிக் கொண்டுவந்து கொடுப்பான். ஆற்று மணலில் வறுத்தால் கடலை அங்கங்கே கருகும். மேல் சாம்பலில் வறுத்தால் ஒரே நிறமாக வரும். தினமும் மாலையில் அவள் முதல் ஈடு வறுத்ததும் ஒரு பொட்டலம் மடித்துத் தராசுத் தட்டுக்கு அடியில் வைப்பாள். வேலை முடிந்து வருகிற அண்ணனுக்கு அது. அந்தத் திங்கட்கிழமையும் வைத்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் குவாரியிலிருந்து எல்லாரும் வெளியே வந்தார்கள். அண்ணன் வரவில்லை. அவள் அடுப்பை அணைத்தாள். அதன் பிறகு அந்தச் சட்டி சூடாகவில்லை.

சனிக்கிழமை காலை மதினி சட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள்.

"வாய் எங்க தம்பி இருக்கும்?"

இடது கையை நீட்டி வைத்துக்கொண்டு வலப்பக்கம் திரும்பிப் படுப்பதுதான் அண்ணனின் பழக்கம். சின்ன வயதில் ஒரே பாயில் படுத்தவன் என்பதால் எனக்குத் தெரியும். கையிலிருந்து முழம் போட்டு, குழிச் சுவரில் ஓர் இடத்தைக் காட்டினேன். அந்த இடத்தில் மேல் சாம்பல் ஒரு திட்டுபோல நீட்டிக்கொண்டிருந்தது. மதினி சட்டியிலிருந்த சாம்பலைப் பிடிபிடியாக அள்ளி, வாய்க்கரிசி போடுவதுபோலப் புறங்கை வழியாக அந்தத் திட்டின் மேல் போட்டாள். முழுவதும் போட்டுத் தட்டிச் சமப்படுத்தினாள். பிறகு அதே இடத்திலிருந்து ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மீதியைச் சட்டிக்குள் வழித்துப் போட்டாள். வறுபடாமல் தங்கிய ஒரு கடலை அதில் இருந்தது. அதை மட்டும் திட்டில் விட்டுவிட்டாள்.

மேலே நின்ற தவசிலிங்கம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "லாரி வருது, கொஞ்சம் ஓரமா நில்லும்மா," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை செலின் மேடமே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். உலை அணைந்திருந்தது. மேசையில் மேடம் சாப்பிட்ட ஆரஞ்சுப் பழத்தின் தோல் கிடந்தது.

"வாயுவே இல்லம்மா. இருக்குன்னு சொல்ற அளவுக்கு எதுவுமே இல்ல. ரொம்ப நுணுக்கமா அளந்து பார்த்தேன். இந்தச் சாம்பல் போன திங்கட்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்துல விழுந்திருக்கு."

"ஆமா. அப்பத்தான் அடுப்ப அமத்துனேன்," என்றாள் மதினி.

"பொருந்துது. வாய்க்கு நேர் மேல எடுத்த மாதிரிங்கறதால இதைத்தான் எடுத்துக்கணும். பழைய கணக்கைத் தள்ளிட்டேன். உங்க வீட்டுக்காரர் திங்கட்கிழமை விளக்கு வைக்கிறதுக்கு முன்னால இறந்திருக்கார். சுடுகாட்டுக்கே கொண்டுபோகலாம்."

மதினி முகத்தை மூடிக்கொண்டாள். அண்ணன் இந்த வாரம்தான் இறந்தான் என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் முறை. அவள் அழுது முடிக்கும்வரை மேடம் ஆரஞ்சுத் தோலைச் சிறுசிறு துண்டுகளாகக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"முனிசிபாலிட்டிக்குச் சொல்லிடறேன். அவங்க எடுத்துப்பாங்க," என்றார் பிறகு.

"முனிசிபாலிட்டி எதுக்கு மேடம்?" என்றேன். "நாங்க இருக்கோமே."

"நீங்க எப்படி? நீங்க சாம்பலுக்கு மேல இருக்கீங்களேப்பா."

மேடம் சன்னலைத் திறந்து காட்டினார். பேருந்து நிலையம், பிள்ளையார் கோயில், தண்ணீர்த் தொட்டி, எங்கள் தெரு எல்லாம் மேல் சாம்பலின் மீது இருந்தன. அடுக்கு ஒன்றுதான், ஊரின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரே சாம்பல். ஓரிடத்தில் அது திங்கட்கிழமை விழுந்தது என்றால் எல்லா இடத்திலும் திங்கட்கிழமைதான் விழுந்தது. கீழே இருப்பது முந்தையது, மேலே இருப்பது பிந்தையது. ஆகவே ஊரும் ஊரிலுள்ள எல்லாரும் திங்கட்கிழமை விளக்கு வைத்ததற்குப் பிறகு வந்தவர்கள். அதற்கு முன் இறந்த ஒருவருக்கு எங்களில் யாரும் மனைவியாகவோ தம்பியாகவோ இருக்க முடியாது.

"நான்கூட இங்க வேலைக்கு வந்து ரொம்ப வருஷம் ஆச்சுன்னு நினைச்சிட்டிருந்தேன்," என்றார் மேடம். "அனாதைப் பிணம்னாலும் முனிசிபாலிட்டியில மரியாதையா செய்வாங்கம்மா."

ஊரில் எவருக்கும் பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை என்ற செய்தி மாலைக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூட வாசலில், சேரும் வயதுள்ளவர்கள் எவரும் இல்லாததால் விடுமுறை என்று எழுதி மாட்டினார்கள். டவுன் பஸ்ஸில் எங்கள் ஊர்க்காரர் யாரிடமும் டிக்கெட் கேட்கவில்லை. வெளியூர்க்காரரான கண்டக்டர் ஆவுடையம்மா பெரியம்மாவை இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் படியேற்றினார். தவசிலிங்கம் என்னைத் தெருவில் பார்த்ததும் சைக்கிளை நிறுத்தினார்.

"குவாரியே அதுக்கு அப்புறம் வந்ததுதான் கொம்பையா. யோசிச்சுப் பாத்தா நாங்க அவரப் பாத்ததே இல்ல."

வீட்டில் மதினி வறுசட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரலால் சாம்பலைக் கிளறிக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்தாள். ஒரு பழைய சேலையைச் சுருட்டிச் சும்மாடு கட்டித் தலையில் வைத்தாள். சட்டியைச் சாம்பலோடு தூக்கி அதன் மேல் வைத்தாள். ஒரு கையால் பிடித்தபடி நிலையத்துக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன்.

செலின் மேடம் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"இப்ப நான் சாம்பலுக்குக் கீழ இருக்கேன்," என்றாள் மதினி.

மேடம் அவளை மேலும் கீழும் பார்த்தார். அவமதிக்கும் பார்வை இல்லை. குழிச் சுவரைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்துச் சட்டியின் விளிம்பையும் பாதத்துக்கு அடியில் இருந்த மண்ணையும் பார்த்தார்.

"மேல திங்கட்கிழமைச் சாம்பல். கீழயும் அதே சாம்பல்தான். அப்ப நீங்க சரியா அந்த விளக்கு வைக்கிற நேரத்துல இருக்கீங்க. அந்த நேரத்துல இறந்தவருக்கு மனைவி இருந்தாங்களா?"

"இருந்தேன்."

"அப்ப உங்ககிட்ட ஒப்படைக்கலாம். ஆனா சட்டியை இறக்கிட்டீங்கன்னா என்னால எதுவும் செய்ய முடியாது."

"எறக்கல," என்றாள் மதினி.

திங்கட்கிழமை எடுத்தோம். துக்கத்துக்கு வருகிறவர்கள் அவரவர் வீட்டிலிருந்து ஒரு பாத்திரம் கொண்டுவரட்டும், மதினி தன் சட்டியிலிருந்து சாம்பல் போட்டுக் கொடுப்பாள் என்று சொல்லி அனுப்பினோம். சிலர் வந்தார்கள். குழந்தைகளுக்குத் துக்கமில்லை என்று பலர் வரவில்லை. ஆவுடையம்மா பெரியம்மா ஒரு சருவச் சட்டியோடு வந்தாள். "திங்கக்கெழம சாயங்காலம் நான் சும்மாதான் இருந்தேன்," என்று தலையில் ஏற்றிக்கொண்டாள். நான் அண்ணன் வீட்டு அன்னக்கூடையில் வாங்கிக்கொண்டேன்.

தலையில் சாம்பலை ஏற்றிய கணத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. உலகமுத்து என் அண்ணன். இந்தத் தெரு எனக்குத் தெரியும். விளக்கு வைக்கிற நேரம்; அவன் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. செய்தி எட்டாத நேரத்தில் நின்றுகொண்டு நாங்கள் அவனுக்காக அழுதோம். பெண்கள் ஒரு கையால் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பக்கத்தில் இருப்பவள் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். பெரியம்மா விட்ட இடத்திலிருந்து, அதே பாதி அடியிலிருந்து தொடங்கினாள். மதினி எதிர்க்குரல் கொடுத்தாள். தலை அசைக்க முடியாததால் எல்லாரும் நேரே பார்த்தபடி அழுதார்கள்.

அண்ணன் மிகவும் கனமாக இருந்தான். பாடையில் தூக்க முடியவில்லை. தவசிலிங்கம் குவாரியிலிருந்து டிப்பர் லாரி அனுப்பி உதவினார். முகம் நன்றாக வந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்து, உள்ளே களிமண் இறுகியிருந்தது. வாய்க்கரிசி அதில் நிற்கவில்லை, கன்னத்தில் வழிந்து விழுந்தது. கல் எரியாது என்பதால் புதைப்பது என்று முடிவு செய்திருந்தோம். குழியை மேல் சாம்பல் தென்படும்வரைதான் தோண்டினார்கள். அதற்குக் கீழே போனால் மறுபடியும் காலம் மாறிவிடும். போன திங்கட்கிழமை வந்த அதே பொக்லைன் வந்து அவனைத் தூக்கிக் குழிக்குள் இறக்கியது. ஓட்டுநர் மெதுவாகவே இறக்கினார்.

பிறகு குளத்துக்குப் போனோம். சுடுகாட்டுக்குப் போய் வந்தவர்கள் தலை முழுகாமல் வீட்டுக்குள் நுழையக்கூடாது. ஒவ்வொருவராகப் பாத்திரத்தை இறக்கிப் படித்துறையில் கவிழ்த்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினார்கள். சாம்பல் குளத்தில் பால்போல் பரவியது. பெரியம்மா முங்கி எழுந்து, இங்கே எதற்கு வந்தோம் என்று கேட்டாள். குளிக்க என்றார்கள்.

நான் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு படியில் நின்றேன். கழுத்து வலித்தது. மதினி தண்ணீருக்குள் கழுத்துவரை இறங்கி, அப்படியே நின்று, ஏறி வந்தாள். சட்டி நனையவில்லை. அவள் என்னைப் பார்த்தாள்.

"வலிக்குதா தம்பி?"

"கொஞ்சம்."

அவள் தலையிலிருந்த சட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். ஈரச் சேலையோடு குவாரிப் பாதையில் நடந்து போனாள். அவள் கண்ணுக்கு மறைந்த பிறகு நான் கூடையை இறக்கி வைத்தேன். முங்கி எழுந்தேன். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது.

படித்துறையின் மேல் ஒரு நர்சம்மா குளிர்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். குளித்து ஏறியவர்கள் வரிசையில் நின்று அண்ணாந்து வாயைத் திறந்தார்கள். என் முறை வந்ததும் நானும் திறந்தேன். நாக்கில் போலியோ மருந்து இரண்டு சொட்டு விட்டாள். இடது சுண்டுவிரல் நகத்தில் மை வைத்தாள்.

மாலையில் பசித்தது. குவாரி வாசலில் ஒரு தள்ளுவண்டியில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். ஒரு பெண் தலையில் இரும்புச் சட்டியைச் சுமந்துகொண்டு, அடுப்பில் வேறொரு சட்டியை வைத்து ஆற்று மணலில் கடலை வறுத்துக்கொண்டிருந்தாள். கடலை அங்கங்கே கருகியிருந்தது. நான் கையை நீட்டினேன். அவள் என் சுண்டுவிரலில் இருந்த மையைப் பார்த்தாள்.

"எந்த வீட்டுப் பிள்ள நீ?"

தெருவைக் காட்டினேன்.

"கடல மெல்லுவியா? பல்லு மொளச்சிருச்சா?"

வாயைத் திறந்து காட்டினேன். அவள் கழுத்தை அசைக்காமல் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தாள். பொட்டலம் மடித்து, சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கொசுறாக ஒரு கை கூடுதலாகப் போட்டுக் கொடுத்தாள்.

குவாரியில் சங்கு ஊதியது. ஆட்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். அவள் இன்னொரு பொட்டலத்தை மடித்து, பாதையைப் பார்த்துக்கொண்டே, தராசுத் தட்டுக்கு அடியில் வைத்தாள்.